இந்தியாவில் ஏன் கிரேஃபிஷ் இல்லை? ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்த ஹக்ஸ்லியின் கதை

மழை பெய்து முடிந்த மறுநாள் வயல் வரப்பில் நடந்தால் நண்டு வளைகள் கண்ணில் படும். ஆற்றில் வலை வீசினால் நீளக் கை கொண்ட ஆற்று இறால் சிக்கும். ஆனால் காவிரியிலோ தாமிரபரணியிலோ கங்கையிலோ எவ்வளவு தேடினாலும் இயற்கையாகக் கிடைக்காத ஓர் உயிரினம் உண்டு. அதுதான் கிரேஃபிஷ்.

பெயரில் 'ஃபிஷ்' இருந்தாலும் இது மீன் கிடையாது. கடலில் கிடைக்கும் சிங்கி இறாலின் நன்னீர் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் இரண்டு பெரிய கொடுக்கு, கடினமான ஓடு, ஆபத்து வந்தால் வாலை அடித்துப் பின்னோக்கிப் பாயும் குணம். உலகம் முழுக்க 650-க்கும் மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அமெரிக்காவில் இருக்கு, ஐரோப்பாவில் இருக்கு, ஆஸ்திரேலியாவில் இருக்கு, மடகாஸ்கரில்கூட இருக்கு. இந்தியாவில் மட்டும் ஒரு பூர்வீக இனம்கூட இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இல்லை.

ஏன் இப்படி? இந்தக் கேள்வியை 1870-களின் கடைசியில் தீவிரமாக எடுத்துக்கொண்டு உலக வரைபடத்தை விரித்துவைத்து யோசித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடை மேடையாக வாதாடி, 'டார்வினின் புல்டாக்' என்று பெயர் எடுத்த அதே ஹக்ஸ்லிதான். அவர் கிரேஃபிஷுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

பத்து வயதில் நின்ற பள்ளி

1825 மே 4-ஆம் தேதி, அப்போது லண்டனுக்கு வெளியே ஒரு கிராமமாக இருந்த ஈலிங்கில் ஹக்ஸ்லி பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. அப்பா ஜார்ஜ் அங்கிருந்த பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தப் பள்ளி நொடித்துப்போனது. வீட்டில் வருமானமும் படுத்துவிட்டது. மொத்தம் இரண்டு வருடம் பள்ளிக்குப் போன ஹக்ஸ்லியின் முறையான படிப்பு, பத்து வயதிலேயே முடிந்தது.

ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தார். ஜெர்மன் மொழியைத் தானே கற்றுக்கொண்டார். பிறகு லத்தீன், கிரேக்கம். பிற்காலத்தில் ஜெர்மானிய விலங்கியல் ஆய்வுகளை மூலத்திலேயே படிக்கும் அளவுக்கு அந்தச் சுயபடிப்பு கைகொடுத்தது.

பதின்ம வயதில் மருத்துவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினார். லண்டன் துறைமுகத்தை ஒட்டிய ராதர்ஹித் பகுதியில் வேலை. மருந்தைவிட சோறுதான் தேவை என்ற நிலையில் படுத்துக்கிடந்த ஏழைகளை அங்கேதான் முதன்முதலாக நேரில் பார்த்தார். அந்தக் காட்சி அவரைக் கடைசிவரை விடவில்லை. பின்னாளில் தொழிலாளர்களுக்காக அவர் நடத்திய அறிவியல் வகுப்புகளின் வேர் அங்கேதான் இருந்தது.

உதவித்தொகை கிடைத்து சாரிங் கிராஸ் மருத்துவமனையில் படித்தார். 1845-ல், இருபது வயதில், மனித முடியின் வேர் உறையில் அதுவரை யாரும் கவனிக்காத ஓர் அடுக்கைக் கண்டுபிடித்து கட்டுரை எழுதினார். இன்றும் மருத்துவப் பாடநூல்களில் அது 'ஹக்ஸ்லி அடுக்கு' என்றே இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கட்ட மருத்துவத் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனால் இரண்டாம் கட்டத் தேர்வை எழுதவே இல்லை. அதனால் பட்டமும் இல்லை. கையில் காசில்லை, கடன் இருந்தது. கடற்படையில் சேர்ந்தார்.

ஜெல்லி மீனும் காதலும்

1846 டிசம்பரில் ஹெச்.எம்.எஸ். ராட்டில்ஸ்நேக் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலையும் நியூ கினி பகுதியையும் அளந்து வரைபடமாக்குவது அதன் வேலை. ஹக்ஸ்லி அதில் உதவி மருத்துவர். இயற்கை ஆய்வாளர் பதவியில் இருந்தவர் வேறொருவர்.

இருந்தாலும் ஹக்ஸ்லி தன் பாட்டுக்கு ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எடுத்த சில மணி நேரத்திலேயே கரைந்து கெட்டுப்போகும் ஜெல்லி மீன்கள்தான் அவருக்கு வசதியாக இருந்தன. அவற்றைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்துக்கு அனுப்ப முடியாது. உடனுக்குடன் அறுத்துப் பார்த்து வரைய வேண்டும். அதைத்தான் அவர் செய்தார். ஜெல்லி மீன்களின் உடல் இரண்டே அடுக்குச் சவ்வுகளால் ஆனது என்று காட்டிய அவரது கட்டுரையை 1849-ல் ராயல் சொசைட்டி வெளியிட்டது. எழுதியவர் அப்போது கடலில் இருந்தார்.

கப்பல் சிட்னியில் நின்றபோது ஹென்ரியட்டா ஹீதார்னைச் சந்தித்தார். 1847-லேயே நிச்சயம் ஆகிவிட்டது. ஆனால் கல்யாணம் பண்ண வருமானம் வேண்டுமே? 1850-ல் கப்பல் இங்கிலாந்து திரும்பியது. ஹென்ரியட்டா சிட்னியில், ஹக்ஸ்லி லண்டனில். ஒரு கடிதம் போய்ச் சேரவே பல மாதம் ஆகும் காலம் அது.

அடுத்து நடந்தது, இன்றைக்கு வேலை தேடும் எந்த இளைஞருக்கும் புரியும் கதை. 1851-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1852-ல் அதன் ராயல் பதக்கம். வயது 27. பெயர் இருக்கு, பாராட்டு இருக்கு, சம்பளம் மட்டும் இல்லை. டொராண்டோவில் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார்; அது அங்கிருந்த அரசியல் தலைவர் ஒருவரின் அண்ணன் தம்பி உறவுக்குப் போனது. வேறு சில இடங்களும் கைவிட்டன. மீண்டும் கப்பலுக்குப் போகச் சொன்ன கடற்படை, அவர் மறுத்ததும் 1854-ல் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது.

அதே 1854-ல்தான் கதவு திறந்தது. லண்டன் சுரங்கவியல் பள்ளியில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் வேலை. பட்டம் வாங்காதவர் பேராசிரியர் ஆனார். 1855-ல் ஹென்ரியட்டா லண்டன் வந்து சேர்ந்தார். நிச்சயமாகி எட்டு வருடம் கழித்துக் கல்யாணம்.

மேடையும் மரணமும்

1859-ல் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. உடல்நலம் குன்றி, கூட்டங்களைத் தவிர்த்த டார்வினுக்குப் பதிலாக மேடை ஏறியவர் ஹக்ஸ்லி. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸுடன் நடந்த மோதல் இன்றும் பேசப்படுகிறது. அன்று யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதற்கு முழுப் பதிவு கிடையாது. பிறகு பலர் பலவிதமாக எழுதியவைதான் இருக்கின்றன.

அந்த வெற்றிக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறைவதற்குள், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான். மறுமையில் மகனைச் சந்திக்கலாம் என்று ஆறுதல் சொன்ன நண்பரின் அன்பை ஹக்ஸ்லி ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆதாரம் இல்லாத ஒன்றை, அது ஆறுதல் தரும் என்பதற்காக நம்ப முடியாது என்ற நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. கடவுள் உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு 1869-ல் அவர் வைத்த பெயர்தான் 'அக்னாஸ்டிக்'. இன்றைக்கு சமூக ஊடக புரொஃபைல்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல் அது.

1863-ல் மனிதனுக்கும் குரங்குகளுக்கும் உள்ள உடற்கூற்று ஒற்றுமையை விளக்கும் நூலை எழுதினார். லண்டன் பள்ளிக்கல்வி வாரியம், அரசு ஆணையங்கள், வகுப்புகள் என்று ஓடி ஓடி 1870-களின் தொடக்கத்தில் உடம்பும் மனசும் சோர்ந்து விழுந்தார். 1873-ல் டார்வினும் நண்பர்களும் சேர்ந்து 2,100 பவுண்டு திரட்டி, ஓய்வெடுத்துக்கொள் என்று அவர் கையில் கொடுத்தார்கள்.

எல்லாம் சரி, கிரேஃபிஷ் எங்கே வந்தது?

வகுப்பறையில்தான்.

அந்தக் காலத்தில் விலங்கியல் வகுப்பு என்றால், ஆசிரியர் பேசுவார், மாணவர் குறிப்பெடுப்பார். அவ்வளவுதான். ஹக்ஸ்லிக்கு இது பிடிக்கவில்லை. தன் கையால் அறுத்துப் பார்க்காதவனுக்கு உயிரியல் வராது என்பது அவர் கட்சி. 1871-ல் பள்ளி ஆசிரியர்களுக்காக லண்டன் சவுத் கென்சிங்டனில் ஒரு கோடைக்கால வகுப்பை ஆரம்பித்தார். 1872-ல் அவரது துறையே அங்கே மாறியது. பாடம் கொஞ்சம், ஆய்வு மேசை நிறைய.

எல்லா உயிரினத்தையும் படிக்க ஆயுள் போதாது. அதனால் ஒவ்வொரு பெரும் பிரிவுக்கும் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்தார். தவளை ஒன்று, நன்னீர் மட்டி ஒன்று, கிரேஃபிஷ் ஒன்று. இன்று நம்ம ஊர் பிளஸ் டூ, கல்லூரி விலங்கியலில் கரப்பான்பூச்சியையும் தவளையையும் மாதிரி விலங்குகளாக வைத்துப் படிக்கும் முறைக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. 1875-ல் அவர் தன் உதவியாளர் மார்ட்டினுடன் சேர்ந்து எழுதிய செய்முறை உயிரியல் நூல் இந்த முறையைப் பல நாடுகளுக்குப் பரப்பியது.

அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற ஹெச்.ஜி.வெல்ஸ். இன்னொருவர் பேட்ரிக் கெடிஸ். உயிரியலில் தொடங்கி நகர வடிவமைப்புக்கு மாறிய கெடிஸ், 1914-ல் இந்தியா வந்து மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர்.

இந்த அனுபவத்திலிருந்துதான் 1880-ல் கிரேஃபிஷ் நூல் வெளிவந்தது. தலைப்பில் விலங்கியலுக்கு ஓர் அறிமுகம் என்றுதான் இருக்கும். ஒரே ஒரு பிராணியை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக மொத்த விலங்கியலையும் சொல்லிவிட முடியுமா என்ற முயற்சி அது. மொத்தம் ஆறு அத்தியாயம். ஓடையில் கல்லைப் புரட்டினால் என்ன தெரிகிறது என்பதில் தொடங்கி, அது எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று போய், கடைசியில் இந்த உயிரினம் உலகில் எங்கெங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்ற பெரிய கேள்வியில் முடியும்.

ஓர் உடல், பல கருவிகள்

ஒரு கிரேஃபிஷை மேசையில் வைத்து ஹக்ஸ்லி காட்டிய பாடம் இதுதான். அதன் உடல் பல கண்டங்கள் வரிசையாகச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு ஜோடி உறுப்பு. முன்னால் இருப்பது உணர்கொம்பு. அடுத்தது தாடை. அடுத்தது கொடுக்கு. பிறகு நடக்கும் கால். வயிற்றுக்கு அடியில் நீந்தும் துடுப்பு. கடைசியில் வால் விசிறி.

பார்க்க வெவ்வேறு. ஆனால் எல்லாமே ஒரே அடிப்படை வடிவத்தின் மாற்றங்கள். ஒரே வகை ஸ்க்ரூடிரைவர் பிடியில் வேறு வேறு முனையை மாட்டுவது மாதிரி. கருவில் இவை எல்லாம் ஒரே மாதிரி மொட்டுகளாகத் தொடங்கி, வளர வளரத்தான் தாடையாகவும் காலாகவும் பிரிகின்றன. பரிணாமம் புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, இருப்பதையே திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிட எளிமையான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம், வயிறு. கிரேஃபிஷின் இரைப்பைக்குள்ளேயே பல் மாதிரியான அரைக்கும் பாகங்கள் உண்டு. வயிற்றுக்குள் ஓர் அம்மி இருக்கிற மாதிரி. ஓட்டைக் கழற்றுவதற்கு முன்பு, சுண்ணாம்புச் சத்து இரைப்பைச் சுவரில் சிறு கற்களாகச் சேர்த்துவைக்கப்படும். புது ஓடு கெட்டிப்பட அந்தச் சேமிப்பு உதவும். இந்தக் கற்களை ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மருந்தாகவே விற்றார்கள்.

கிரேஃபிஷ் மேல் அப்போது கண் வைத்தவர் ஹக்ஸ்லி மட்டுமல்ல. 1882-ல் வியன்னாவில் ஓர் இளம் ஆய்வாளர் கிரேஃபிஷின் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் பார்த்து கட்டுரை வெளியிட்டார். அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். மனோதத்துவத்துக்கு வருவதற்கு முந்தைய ஃப்ராய்ட்.

உலகை இரண்டாகப் பிரித்த கோடு

நூலுக்கு முன்பே, லண்டன் விலங்கியல் கழகத்தின் 1878-ஆம் ஆண்டுத் தொகுதியில் ஹக்ஸ்லியின் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கிரேஃபிஷ்களின் வகைப்பாடும் பரவலும்தான் பொருள். நிறத்தையும் அளவையும் நம்பி வகை பிரிப்பதை அவர் ஓரம் வைத்தார். ஓட்டுக்குள் மறைந்திருக்கும் செவுள்களை எண்ணினார். எது காலின் அடியில் இருக்கிறது, எது மூட்டில் இருக்கிறது, எது உடல் சுவரில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார். இங்கிலாந்து கிரேஃபிஷில் ஒரு பக்கத்துக்கு 18 முழுச் செவுள்கள். மற்ற நாட்டு இனங்களில் எண்ணிக்கையும் வடிவமும் மாறின.

வயிற்றின் முதல் கண்டத்தையும் பார்த்தார். ஐரோப்பிய, அமெரிக்க ஆண்களில் அங்கே இனப்பெருக்கத்துக்கு உதவும் ஒரு ஜோடி உறுப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மடகாஸ்கர், தென் அமெரிக்கா இனங்களில் அந்த உறுப்பு ஆண், பெண் இரண்டிலுமே இல்லை.

கணக்கை வரைபடத்தில் வைத்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. உலகின் கிரேஃபிஷ்கள் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று பூமத்திய ரேகைக்கு வடக்கே. இன்னொன்று தெற்கே. நடுவில் வெப்பமண்டலத்தில் பெரிய இடைவெளி. தென் பகுதிக் குடும்பத்துக்கு அவர் வைத்த பாராஸ்டாசிடே என்ற பெயரைத்தான் இன்றைய அறிவியலும் பயன்படுத்துகிறது. வடக்குக் குடும்பம் பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் வடக்கு, தெற்கு என்ற அந்தக் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆஸ்திரேலியக் கிரேஃபிஷ்களின் ஒரு பேரினத்துக்கு அவர் கொடுத்த பெயர் அஸ்டகோப்சிஸ். உலகிலேயே மிகப்பெரிய நன்னீர் முதுகெலும்பில்லா உயிரினம் இந்தப் பேரினத்தில்தான் இருக்கிறது. டாஸ்மேனியாவின் வடக்கு ஆறுகளில் வாழும் ராட்சதக் கிரேஃபிஷ் அது. அந்தக் காலத்தில் 6 கிலோ வரைகூட வளர்ந்தது. இனமாக அதை 1936-ல் பிரித்துக் காட்டி விவரித்தவர் எல்லன் கிளார்க் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஆய்வாளர்.

அப்போ, இந்தியாவில் ஏன் இல்லை?

ஹக்ஸ்லி இதற்கு இரண்டு பதில் யோசித்தார்.

முதல் பதில், எங்கிருந்து வந்தது என்பது. கிரேஃபிஷின் மூதாதைகள் கடலில் இருந்தன, வடக்கில் ஒரு பிரிவும் தெற்கில் ஒரு பிரிவும் தனித்தனியாக ஆறுகளுக்குள் ஏறின என்று அவர் நினைத்தார். இரண்டாவது பதில், இடம் காலியாக இருந்ததா என்பது. வெப்பமண்டல ஆறுகளில் நன்னீர் நண்டுகளும் பெரிய ஆற்று இறால்களும் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்துகின்றன; அந்தப் போட்டியில் கிரேஃபிஷுக்கு இடம் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பது அவர் ஊகம். சுருக்கமாகச் சொன்னால், நம்ம வயல் நண்டு வேலி போட்டுவிட்டது!

இதில் முதல் பதில் நிற்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை வெகனர் முன்வைத்ததே 1912-ல்தான். ஹக்ஸ்லி காலத்தில் கண்டங்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும் பொருட்கள். பின்னாளில் டிஎன்ஏ ஆய்வுகள், எல்லா நன்னீர் கிரேஃபிஷும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று காட்டின. ஒன்றாக இருந்த பெருங்கண்டம் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது, கிரேஃபிஷ்களும் இரண்டாகப் பிரிந்தன. அவர் போட்ட கோடு சரி. கோடு விழுந்த காரணம்தான் வேறு.

இரண்டாவது பதில் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. ஏனென்றால் இந்தியாவும் தெற்குப் பெருங்கண்டத்தின் துண்டுதான். மடகாஸ்கரும் இந்தியாவும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டியே இருந்தன. மடகாஸ்கரில் கிரேஃபிஷ் இருக்கிறது; பக்கத்து வீடாக இருந்த இந்தியாவில் இல்லை. வடக்கு நோக்கி நகர்ந்தபோது வெப்பத்தில் அழிந்ததா, தக்காணத்து எரிமலை வெடிப்புகள் காரணமா, நண்டுகளுடன் நடந்த போட்டியா என்று விவாதம் தொடர்கிறது. இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை அவற்றின் பெரிய வீடு. ஹக்ஸ்லியின் ஊகத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

சறுக்கிய இடங்கள்

ஹக்ஸ்லி தவறே செய்யாதவர் அல்ல. 1868-ல் ஆழ்கடல் சேற்று மாதிரியில் ஒரு பிசுபிசுப்பைப் பார்த்து, அது உயிரின் ஆதி வடிவம் என்று நினைத்து பெயரும் வைத்தார். 1875-ல் சேலஞ்சர் கப்பல் ஆய்வாளர்கள், அது சாராயம் ஊற்றியதால் கடல்நீரிலிருந்து திரண்ட வெறும் உப்புப் படிவு என்று கண்டுபிடித்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஹக்ஸ்லி மழுப்பவில்லை. தப்பு தன்னுடையது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது பெரிய சறுக்கல். 1881-ல் அவர் மீன்வள ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1883-ல் லண்டன் சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் பேசியபோது, ஆற்று சால்மனையும் சிப்பிப் படுகைகளையும் மனிதன் காலி செய்துவிட முடியும் என்று எச்சரித்தார். ஆனால் காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்களை அன்றைய மீன்பிடி முறைகளால் தீர்த்துவிடவே முடியாது என்றும் சொன்னார். முறைகள் மாறின. விசைப்படகுகளும் பெரிய இழுவலைகளும் வந்தன. 1992-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேரின் பிழைப்பு போனது.

மனித இனங்களைப் பற்றிய அவரது எழுத்தும் இன்று விமர்சிக்கப்படுகிறது. அடிமை முறையை எதிர்த்தவர்தான். ஆனால் இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்ற அந்தக்கால ஐரோப்பிய எண்ணம் அவரிடமும் இருந்தது. இதனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உள்ள ஹக்ஸ்லி கட்டடத்தின் பெயரை மாற்றலாம் என்று 2021-ல் ஒரு குழு பரிந்துரைத்தது.

அவர் அறுத்துப் பார்த்த இனம் இன்று எங்கே?

ஹக்ஸ்லியின் மாணவர்களுக்கு ஓடையில் சர்வசாதாரணமாகக் கிடைத்த இங்கிலாந்தின் வெண்கொடுக்குக் கிரேஃபிஷ், இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனம்.

என்ன நடந்தது? 1860 வாக்கில் இத்தாலியில் கிரேஃபிஷ்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அமெரிக்கக் கிரேஃபிஷ்களோடு வந்த ஒரு நீர்ப்பூஞ்சை போன்ற கிருமிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்க இனங்கள் அந்தக் கிருமியைத் தாங்கும். ஐரோப்பிய இனங்களுக்கு அது மரண ஓலை. கிருமி நாடு நாடாகப் பரவி 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனையும் தொட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1976-ல், பண்ணையில் வளர்த்து விற்பதற்காக அமெரிக்க சிக்னல் கிரேஃபிஷை பிரிட்டனுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பண்ணையிலிருந்து தப்பியவை ஆறுகளில் பரவின. இடத்தையும் பிடித்தன, நோயையும் பரப்பின.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மீன்வள ஆய்வாளராக இருந்தபோது ஹக்ஸ்லி, பிரிட்டன் ஆறுகளில் சால்மன்களைக் கொன்ற ஒரு நீர்ப்பூஞ்சையை ஆராய்ந்து 1882-ல் கட்டுரை எழுதினார். கிரேஃபிஷ் கொள்ளைநோய்க் கிருமியும் அதே வரிசையைச் சேர்ந்ததுதான். தான் நேசித்த பிராணியின் எமனுக்குச் சொந்தக்காரனை, அது எமன் என்று தெரியாமலே அவர் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்.

உலக அளவில் நிலைமை லேசானதல்ல. 590 கிரேஃபிஷ் இனங்களை மதிப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வு, அவற்றில் சுமார் 32 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கி நகர்வதாகச் சொன்னது. டாஸ்மேனியாவின் ராட்சதக் கிரேஃபிஷில் பெண் முட்டையிடும் வயதை அடையவே சுமார் 14 வருடம் ஆகும். 1998 முதல் அதைப் பிடிக்கத் தடை. ஆனாலும் காடு அழிந்து ஆறு கலங்கினால் தடை மட்டும் போதாது.

மறுபக்கம், அந்நிய கிரேஃபிஷ்கள் ஊர் ஊராகப் போகின்றன. ஆண் துணையே இல்லாமல் தன்னைத்தானே நகலெடுக்கும் பளிங்குக் கிரேஃபிஷ், 1990-களில் ஜெர்மனியின் அலங்கார மீன் வணிகத்தில் வெளிப்பட்டது. இன்று அது மடகாஸ்கரின் வயல்களில் பரவிக் கிடக்கிறது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் ஆஸ்திரேலியச் செங்கொடுக்குக் கிரேஃபிஷ் தானாகவே வாழ்வதாக 2007-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வாங்கியதை, அலுத்துப்போய் ஏரியில் விடுவது இரக்கம் கிடையாது. இந்திய ஆறுகளில் பல கோடி ஆண்டுகளாக இல்லாத ஓர் உயிரினத்தை உள்ளே விட ஒரு பிளாஸ்டிக் பை போதும். கெடுதி வந்தால், அதைத் தாங்க வேண்டியது வயல் நண்டும் ஆற்று இறாலும்தான்.

கடைசி நாட்கள்

1883 முதல் 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். உடல்நிலை கெட்டதால் 1885-ல் பதவிகளிலிருந்து விலகினார். 1887-ல் ஓவியரான மகள் மரியனை இழந்தார். கடலோர ஊரான ஈஸ்ட்போர்னில் தோட்டம் வளர்த்தபடி கடைசிக் காலத்தைக் கழித்து, 1895 ஜூன் 29-ல் இறந்தார். வயது 70. எட்டு வருடம் காத்திருந்து கைப்பிடித்த ஹென்ரியட்டா, அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

பேரன்களில் ஜூலியன், யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். ஆல்டஸ், உலகம் அறிந்த நாவலாசிரியர். ஆண்ட்ரூ, நரம்புகளில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று கண்டறிந்ததற்காக 1963-ல் நோபல் பரிசு பெற்றவர்.

இரண்டு வருடம் மட்டுமே பள்ளிக்குப் போன ஒருவர், ஓடைக் கல்லுக்கு அடியில் கிடந்த ஒரு பிராணியை எடுத்து, அதன் செவுள்களை எண்ணி, உலக வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். காரணம் தப்பாக இருந்தாலும் எண்ணிக்கை நேர்மையாக இருந்ததால் அந்தக் கோடு அழியவில்லை. வரப்பில் அடுத்தமுறை ஒரு நண்டு வளை கண்ணில் பட்டால், அந்த இடத்தில் ஏன் நண்டு இருக்கிறது, ஏன் கிரேஃபிஷ் இல்லை என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் எழுதப்படவில்லை என்பது ஞாபகத்துக்கு வரட்டும்.